லேத்துக்குப் போகாத இரும்பு

என் பட்டறையில் வார்த்த சாமான் எடை குறைந்தது என்று கோயமுத்தூரில் இன்றுவரை ஒருத்தன் வாய் திறந்ததில்லை. நான் பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான். அதற்கப்புறம் படித்ததெல்லாம் மணலிடமும் நெருப்பிடமும். உருகின இரும்பின் நிறத்தைப் பார்த்தே இப்போது ஊற்றலாமா, இன்னும் சித்தே பொறுக்கலாமா என்று சொல்லிவிடுவேன். கூலிக்கு வேலை செய்தவன், கணபதியில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, தொண்ணூறுகளில் பம்புசெட்டு வார்ப்படம் என்றால் என்னைத் தேடி வருகிற மாதிரி வைத்தேன். தன்னைத் தானே மெச்சிக்கொள்கிறான் என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். செய்தேன், அதனால் சொல்கிறேன்.

அந்தப் பட்டறையில் ஆயிரமாயிரமாகப் பம்பு வார்த்தோம். ஆனாலும் என் மனசுக்கு மிகப் பிடித்த வார்ப்பு, எடை தூக்குகிற பையன்கள் கம்பியின் இரண்டு முனையிலும் மாட்டுவார்களே, அந்த இரும்புத் தட்டுகள்தான். அதுவும் நான் நினைத்துச் செய்ததில்லை. பையன்களே செய்ய வைத்தார்கள்.

எங்கள் தொழிலில் சனிக்கிழமை ஊத்து நாள். வாரம் முழுக்க மணலில் அச்சுக் கட்டி வைப்போம். சனிக்கிழமை உலையைப் பற்றவைத்து, இரும்பை உருக்கி, எல்லா அச்சிலும் ஊற்றி முடிப்போம். அன்றைக்கே கூலி. அந்தச் சூட்டிலும் கரிப்புகையிலும் நின்றுவிட்டு வந்தவன் தொண்டைக்கரி இறங்க ஒரு கிளாஸ் போட வேண்டும் என்பது பட்டறைக்குப் பட்டறை இருந்த நம்பிக்கை. வைத்தியர் எழுதிக் கொடுத்த மருந்து மாதிரியே பேசுவார்கள். என்னிடம் இருந்த பையன்கள் எல்லாம் இருபதை ஒட்டிய வயசு. கையில் கூலி விழுந்ததும் பிராந்திக் கடைக்கு வரிசையாகப் போவார்கள். நான் அந்தப் பக்கமே போனதில்லை. ஆனால் அவர்களைப் போகாதே என்று சொன்னதுமில்லை. ஞாயிறு கழிந்து திங்கள் காலை வந்து நின்றால் சரி என்றிருந்தேன்.

அவர்களில் ஒருவன் கொடுமுடிக்காரன். எங்கள் பட்டறையில் ஊர்ப்பேர்தான் ஆளுக்குப் பேர். குட்டை உடம்பு, தேக்குக் கட்டை மாதிரி கை. வேலைக்காரன்தான், ஆனால் குடியிலும் முன்னால் நிற்பான். அவன் அப்பன் அதே குடியில் போய்ச் சேர்ந்தவர். அம்மா இவனோடு பட்டறைக்குப் பின்னால் லைன் வீட்டில் இருந்தாள். ஒரு சனிக்கிழமை இவன் வீட்டுக்குப் போய் சோற்றுச் சட்டியை எட்டி உதைத்துவிட்டான். மறுநாள் அந்த அம்மா துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு கொடுமுடிக்குத் தம்பி வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

அது அவனைக் கொஞ்சம் உலுக்கியது. ஒரு மாசம் குடிக்காமல் இருந்துவிட்டு அம்மாவைக் கூப்பிடப் போனான். அவள் வாசலிலேயே நிறுத்திப் பேசினாளாம். திரும்பி வந்து எங்களிடம் அப்படியே சொன்னான்:

“ஒரு மாசம் குடிக்காம இருந்தவங்கள நான் எத்தனையோ தடவ பாத்துப்போட்டேன், உங்கப்பனயும் சேத்துங்கறா. ஒண்ணப் புடிச்சா உடாம நின்னு முடிச்சுக் காட்டு, அப்ப வாரேன்னு சொல்லிப்போட்டாங்ணா.”

“அதுக்கு என்னத்தப் புடிக்கப் போறே?” என்று கேட்டேன்.

“அதாங்ணா தெரியல. நானு முழுசா முடிச்சது இதுவரைக்கும் பாட்டில் ஒண்ணுதானுங்.”

பையன்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

இதற்கு வழி கண்டுபிடித்தவன் காரமடைக்காரன். மெலிந்த, நெட்டையான பையன். மணல் அச்சுக் கட்டுவதில் அவன் கை பேசும். சனிக்கிழமை ஊத்து முடிந்ததும் கூலியை வாங்கிக்கொண்டு கடைக்குப் போகாமல் நேராகக் குழாயடிக்குப் போய்க் குளித்துவிட்டு, மேட்டுப்பாளையம் பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போகிற ஒரே ஆள் அவன்தான். அவன் என்னிடம் வந்து நின்றான்.

“ஏனுங்ணா, ஊத்து முடிஞ்சு சட்டியில மிச்சம் நிக்கற இரும்ப சும்மா மணல்ல கொட்டறோமில்லீங்க. அதுல எடை தூக்கற தட்டு வாத்துக்கட்டுங்களா?”

“எதுக்குடா?”

“சனிக்கெழம சாயங்காலம் இவனுக கையில எதையாச்சும் குடுக்கோணும்ங்ணா. கை சும்மா இருந்தாத்தான கிளாஸத் தேடுது.”

எனக்கு அது பிடித்துவிட்டது. வார்ப்பு என்றால் எனக்குக் கேட்கவா வேண்டும்! மரத்தில் மாதிரி செய்யும் ஆசாரியைக் கூப்பிட்டு, ஐந்து கிலோத் தட்டுக்கு ஒரு மாதிரி, இருபது கிலோத் தட்டுக்கு ஒரு மாதிரி, அதில் ‘இருபது’ என்று எண் எழும்பி நிற்கிற மாதிரி, நானே கிட்ட இருந்து செய்ய வைத்தேன். லேத்துக்காரர் ஒருவர் இருபது கிலோ கனத்தில் பழைய ஷாப்ட் ஒன்றைக் கம்பியாகக் கொடுத்தார். இரண்டு மூன்று ஊத்து நாளில் தட்டுகள் சேர்ந்துவிட்டன. மரச்சாமான் போடும் கொட்டகையை ஒழித்துக் கொடுத்தேன். ஆடி மாசம், காற்று தகரத்தைத் தூக்கிப் போடுகிற சமயம். முதல் சனிக்கிழமை காரமடைக்காரனும் கொடுமுடிக்காரனும் மட்டும் தூக்கினார்கள். மற்றவர்கள் கடைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்துக் கேலி பேசினார்கள்.

“டேய் மாப்ள, நாள் முச்சூடும் இரும்பு தூக்குனது பத்தலயாடா?”

“அது மொதலாளிக்குத் தூக்குனது. இது எனக்கு!” என்றான் கொடுமுடிக்காரன்.

அந்தப் பதில்தான் மற்றவர்களையும் இழுத்தது என்று நினைக்கிறேன். அடுத்தடுத்த வாரம் ஒருத்தன் ஒருத்தனாகக் கொட்டகைக்குள் நின்றுவிட்டார்கள். பக்கத்து மில்லில் வேலை செய்த, முன்பு போட்டிகளில் தூக்கிய ஒருவர் வந்து முறை காட்டிக் கொடுத்தார். குந்தி எழுவது, படுத்துத் தள்ளுவது, தரையிலிருந்து தொடைவரை தூக்கி நிற்பது என்று மூன்று தூக்கு. தொண்டைக்கரிக்கு என் வீட்டுக்காரி பானகம் கரைத்து அனுப்பினாள். பிராந்திக் கடைக்காரர் ஒரு தடவை என்னை வழியில் பார்த்து, “ஏனுங்க, உங்க பட்டறையில வேல நிப்பாட்டிட்டீங்களா?” என்று கேட்டார். அன்றைக்கு எனக்கு நெஞ்சு இன்னும் ஒரு சாண் அகன்றுவிட்டது.

மாவட்டப் போட்டி மாசியில் வருகிறது என்று தெரிந்தது. கொடுமுடிக்காரன் அதைப் பிடித்துக்கொண்டு தினமும் தூக்க ஆரம்பித்தான். அம்மாவிடம் காட்டுவதற்கு அவனுக்குக் கிடைத்த ஒரே காரியம் அது. மில்காரர் சொல்லிவிட்டார்: “அறுபது கிலோ உடம்புக்காரங்க பிரிவுல தரையிலிருந்து நூத்தம்பது தூக்காதவன் அங்க போய் நின்னு பிரயோசனமில்ல.” இவன் நூற்றுநாற்பது தூக்கினான். நூற்றைம்பது கம்பி தரையை விட்டு எழவில்லை. தையும் பாதி போய்விட்டது. எத்தனை முயன்றாலும் அதே கதை. ஒரு சாயங்காலம் கம்பியைப் போட்டுவிட்டு வெளியே போய்க் கருவேல மரத்தடியில் உட்கார்ந்துகொண்டான்.

“என்னால ஆவாதுங்ணா. எங்கம்மா சொன்னது சரிதான். புடிச்சத முடிக்கற ஆளு நானில்லீங்.”

அவன் பார்வை கடைத்தெருப் பக்கம் இருந்தது. காரமடைக்காரன் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, இருட்டினதும் எழுப்பிக் கூட்டிவந்தான்.

அந்த ஞாயிறு டவுனில் உள்ள ஒரு உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து சில பையன்கள் எங்கள் கொட்டகையைப் பார்க்க வந்தார்கள். நல்ல பனியன், நல்ல ஷூ. அவர்களில் வாட்டசாட்டமான ஒருவன் எங்கள் தட்டுகளைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் குனிந்து தூக்கப் பார்த்தான். கம்பி அசையவில்லை. இன்னொரு தடவை குனிந்தான். முகம் சிவந்துவிட்டது.

“ஏனுங்க, இது ஊர் இருபதா, உங்கூட்டு இருபதா?” என்றான்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. “என் வார்ப்பு அது. சந்தேகமிருந்தா எடை போட்டுப் பாரு கண்ணு!” என்று சொல்லி, தட்டைத் தூக்கிக்கொண்டு எதிரில் இருந்த பழைய இரும்புக் கடைக்கு நானே நடந்தேன். பையன்கள் எல்லாம் மற்றத் தட்டுகளோடு பின்னால் வந்தார்கள். கடைக்காரர் தராசில் வைத்தார். முள் இருபதைத் தாண்டி, இருபத்திரண்டுக்குப் பக்கத்தில் போய் நின்றது. அடுத்த தட்டு. அதுவும் அப்படியே. எல்லாத் தட்டும் அப்படியே.

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. எங்கள் பட்டறையில் வார்க்கிற எதுவும் அடுத்து லேத்துக்குப் போகும். அங்கே மேல்பரப்பைச் சீவிக் கடைந்து அளவுக்குக் கொண்டு வருவார்கள். அதனால் சீவுவதற்கென்று எப்போதும் கொஞ்சம் கனம் கூட்டித்தான் வார்ப்போம். ஆசாரிக்கும் எனக்கும் அது மூச்சு விடுகிற மாதிரி. தூக்குகிற தட்டுக்கும் அதே பழக்கத்தில் கூட்டிவிட்டோம். ஆனால் அந்தத் தட்டுகளை யாரும் லேத்துக்குக் கொண்டுபோகவில்லை. வேறு ஊர்க்காரன் என்றால் இந்தத் தப்பைச் செய்திருக்கவே மாட்டான். பம்பு வார்த்து வார்த்துப் பழகின எங்களுக்குத்தான் இது வரும்.

காரமடைக்காரன்தான் முதலில் கணக்குப் போட்டான். கொடுமுடிக்காரன் தோளைப் பிடித்து உலுக்கினான்.

“டேய்! நீ தெனமும் தூக்கறயே நூத்திநாப்பது, அதே நூத்தம்பதத் தாண்டுதுடா! நீ எப்பவோ தாண்டிப்போட்டே, உனக்குத்தான் தெரியல!”

கொடுமுடிக்காரன் தராசைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “நெசமாவாங்ணா?” என்றான். அப்புறம் பழைய இரும்புக் கடைக்காரரைக் கட்டிப் பிடித்துத் தூக்கிவிட்டான். அவர், “என்னையும் எடை போடறியா சாமி, கீழ உடு!” என்று கத்தினார். தெருவே சிரித்தது. டவுன் பையன்களும் சிரித்தார்கள். போகும்போது அந்த வாட்டசாட்டமானவன் என் கையைக் குலுக்கிவிட்டுப் போனான். என் பட்டறையில் கொடுத்தது கூடுமே தவிரக் குறையாது என்று அன்றைக்கு ஊருக்கே தெரிந்தது.

ஆனால் அதில் ஒரு சிக்கலும் வந்தது. அந்த வருஷப் போட்டியில் ஒரு கூடத்திலிருந்து ஒரு பிரிவுக்கு ஒரு ஆள்தான். காரமடைக்காரனும் அதே அறுபது கிலோப் பிரிவு. நெட்டையாக மெலிந்திருந்தாலும் தூக்குவதில் இவனைவிட ஒரு படி மேல். தட்டின் நிஜக் கனம் தெரிந்த பிறகு அவனுக்கு முதல் இடம் நிச்சயம் என்று மில்காரர் அடித்துச் சொன்னார். நான் முடிவு செய்துவிட்டேன். பட்டறைப் பேர் போட்ட பனியனோடு ஒருத்தன் மேடையில் முதல் ஆளாக நிற்க வேண்டும், அது காரமடைக்காரன்.

“அவனே போகட்டுங்ணா. அதுதான் நாயம்” என்று கொடுமுடிக்காரனும் சொல்லிவிட்டான். சொல்லும்போது தரையைப் பார்த்தான். அவன் அம்மா அந்த வருஷமும் கொடுமுடியில்தான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

காரமடைக்காரன் என் முன்னால் வந்து நின்றான். “ஏனுங்ணா, நானு இப்ப எவ்வளவு கனம்?”

“அம்பத்தெட்டு இருப்பே. ஏன்?”

“அறுபதத் தாண்டிப்போட்டா மேல் பிரிவுதானுங்களே?”

எனக்குப் புரிந்ததும் கத்திவிட்டேன். “உனக்குக் கிறுக்கா? மேல் பிரிவுல இருக்கறவனெல்லாம் கடா மாதிரி இருப்பான். கையில இருக்கற மெடல எவனாச்சும் உடுவானாடா?”

“எனக்கு மெடல் வாங்கிக் காட்ட எங்கம்மா ஊட்டுலயே இருக்குதுங்ணா. அவனுக்குத்தான் கொடுமுடி வரைக்கும் போவோணும்.”

முதலாளி நான்தான், ஆனால் அன்றைக்குப் பையன்கள் என் பேச்சைக் கேட்கிற நிலையில் இல்லை. மறுநாளிலிருந்து அவனுக்குத் தீனி போடுவது பட்டறையின் வேலையாகிவிட்டது. ஒருத்தன் வீட்டிலிருந்து கொள்ளுப்பருப்பு வரும், ஒருத்தன் வீட்டிலிருந்து ராகிக்களியும் கீரையும். ஒருத்தன் வேகவைத்த நிலக்கடலையைப் பை நிறையக் கொண்டு வந்து மேசையில் கவிழ்ப்பான். என் வீட்டுக்காரி முட்டை அவித்து அனுப்புவாள், அவள் அவனை எங்கே பார்த்தாலும் கேட்பது ஒன்றுதான்: “ஏங்கண்ணு, தின்னயா?” மெலிந்து பிறந்த உடம்பு அது, லேசில் ஏறவில்லை. தின்றுவிட்டு உட்கார விடாமல் தூக்கவும் வைத்தார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், அவனுக்குப் போட்டுக்கொண்டே மற்றவர்களும் நன்றாகத் தின்னப் பழகிவிட்டார்கள். போண்டாவும் சிகரெட்டுமாக மத்தியானத்தை முடித்தவர்கள் தூக்குச்சட்டியோடு வர ஆரம்பித்தார்கள். அவர்கள் முகத்தில் ஒரு தெளிச்சி வந்தது. நான் தினமும் பார்க்கிற ஆள், எனக்கே தெரிந்தது.

போட்டி ஞாயிற்றுக்கிழமை காலை. எடை பார்க்கிற இடத்தில் பெரிய வரிசை. கொடுமுடிக்காரன் ஏறி இறங்கிவிட்டான். அறுபதுக்குள் சரியாக நின்றான். காரமடைக்காரன் ஏறினான். முள் அறுபதைத் தொட்டு நின்றுவிட்டது, தாண்டவில்லை. எடை பார்த்தவர், “நேரமிருக்குது தம்பி, வேணும்னா அப்புறம் வா” என்றார்.

எங்கள் பையன்கள் அவனைச் சுற்றி நின்றுகொண்டு வாழைப்பழம் உரித்துக் கொடுத்தார்கள். குழாயடியில் சொம்பு சொம்பாகத் தண்ணீர்.

“சிறுவாணித் தண்ணிங்ணா, எத்தன குடிச்சாலும் கனக்க மாட்டேங்குது” என்று திணறினான்.

“பேசாதடா, பேசுனா காத்து வெளிய போயிரும்!” என்று கொடுமுடிக்காரன் இன்னொரு பழத்தை அவன் வாயில் திணித்தான். தன் போட்டியை நினைக்காமல் இவனுக்குப் பழம் உரித்துக்கொண்டு நின்றான். மறுபடியும் மேலே ஏற்றினோம். முள் அறுபதைத் தாண்டியது. நாங்கள் போட்ட சத்தத்தில் நிர்வாகிகள் திரும்பிப் பார்த்தார்கள். இன்னும் போட்டியே ஆரம்பிக்கவில்லை.

கொடுமுடிக்காரன் முதல் இரண்டு தூக்கில் பின்தங்கித்தான் இருந்தான். ஒரு மில் பையன் முன்னால் நின்றான். கடைசி, தரையிலிருந்து தூக்குவது. அவனை முந்த வேண்டுமென்றால் நூற்றறுபத்தைந்து தூக்க வேண்டும். கொட்டகையில் நிஜக் கனம் பார்த்து மாட்டினபோது அவன் அதைத் தூக்கியதில்லை. மேடைக்குப் போனான். கையில் சுண்ணாம்புத் தூள் பூசிக்கொண்டான். குனிந்தான். கம்பி எழுந்தது. முழங்கால் வரை வந்து நின்றுவிட்டது. அப்போது என் பக்கத்தில் இருந்து காரமடைக்காரன் நெஞ்சு வெடிக்கிற மாதிரி கத்தினான்:

“மாப்ள! நம்ம கொட்டாயி தட்டுன்னு நெனச்சுக்கடா! எண்ணு பொய்யி!”

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தான். முழுக்க நிமிர்ந்தான். நடுவர் கம்பியைத் தரையில் வைக்கச் சொன்ன பிறகும் அவன் கொஞ்ச நேரம் வைக்கவில்லை. கம்பியைத் தரையில் வைக்கச் சொன்ன பிறகும் அவன் கொஞ்ச நேரம் வைக்கவில்லை. அறுபது கிலோப் பிரிவில் முதலாவது ஆள் என் பட்டறைப் பையன்!

மேல் பிரிவில் நான் சொன்ன மாதிரியே கடாக்கள்தான் நின்றன. அவர்களுக்கு நடுவில் இந்த நெட்டையன் தென்னங்கன்று மாதிரி நின்று, மூன்றாவது வந்துவிட்டான். இருந்தாலும் எனக்கு ஆறவில்லை. “கீழ் பிரிவுல நின்னிருந்தா தங்கம்டா உனக்கு” என்றேன்.

“ஏனுங்ணா, பட்டறைக்கு ரெண்டு மெடல் வந்திருக்குது. ஒண்ணு போதும்ங்கறீங்களா?”

அந்தக் கணக்கு எனக்கு வரவே இல்லை. ஆனால் அந்தப் பையனை வேலைக்கு எடுத்தவன் யார்? நான்தானே.

மறுநாள் பட்டறையைப் பூட்டினேன். ஆயுத பூஜைக்கும் பொங்கலுக்கும் தவிரப் பூட்டாத பட்டறை. என் டெம்போவின் பின்னால் எல்லாப் பையன்களையும் ஏற்றி, டிரைவரைக் கொடுமுடிக்கு விடச் சொன்னேன். கொடுமுடிக்காரன் வழியெல்லாம் மெடலைத் துடைத்துக்கொண்டே வந்தான். வீட்டின் முன்னால் அந்த அம்மா மஞ்சள் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். டெம்போ நிறைய ஆள் இறங்குவதைப் பார்த்ததும் பதறிப்போய்க் கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டாள்.

“என்ற பையனுக்கு என்னாச்சுங் சாமி?”

“கெலிச்சுப்போட்டானுங்ம்மா! மாவட்டத்துல மொதல் ஆளு!” என்று நாலைந்து பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

கொடுமுடிக்காரன் மெடலை நீட்டினான். அவள் அதை வாங்கவில்லை. அவன் கையைப் பிடித்துத் திருப்பி, உள்ளங்கையில் காய்த்திருந்ததைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.

“எப்பப் புடிச்சே இத?”

“ஆடியிலம்மா.”

“நடுவால உட்டயா?”

அவன் பதில் சொல்வதற்குள் காரமடைக்காரன் முந்திக்கொண்டான். “ஒரு சாயங்காலம் மரத்தடியில உக்காந்தானுங்ம்மா. எந்திரிச்சு வந்துட்டான்.”

அவள் அப்போதுதான் அவனைப் பார்த்தாள். இது யார் என்று கேட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்வதற்கு எனக்குச் சொல்லித்தர வேண்டுமா! தட்டு, தராசு, வாழைப்பழம், மேல் பிரிவு, ஒன்றும் விடாமல் சொன்னேன். அவள் காரமடைக்காரன் கன்னத்தைத் தொட்டாள்.

“என்ற பையனுக்காவ எடத்த உட்டுக் குடுத்தயா கண்ணு? உங்கம்மா என்ன பொங்கிப் போட்டு வளத்தாங்க உன்ன?”

“ஊரே பொங்கிப் போட்டுதுங்ம்மா. இன்னும் பேண்ட்டு பத்த மாட்டேங்குது.”

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். மோர் கொண்டு வரப் போகிறாள் என்று நினைத்தோம். கொஞ்ச நேரம் கழித்துத் துணி மூட்டை ஒன்றையும் ஒரு ஈயச் சட்டியையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். தம்பி பெண்டாட்டியிடம், “மஞ்சளப் பாத்துத் திருப்பிப் போடு அம்மணி” என்று சொல்லிவிட்டு நேராக டெம்போவை நோக்கி நடந்தாள். கொடுமுடிக்காரன் அசையாமல் நின்றான். “சட்டியப் புடிடா, பாத்துட்டே நிக்கறே!” என்று அவள் அதட்டின பிறகுதான் ஓடினான்.

டெம்போவில் டிரைவர் பக்கத்தில் இருந்த ஒரே சீட்டு என்னுடையது. அதில் அந்த அம்மாவை உட்கார வைத்தேன். நான் பின்னால் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பையன்களோடு நின்றேன். காங்கயம் ரோட்டில் வெயில் மண்டையைப் பிளந்தது. பையன்கள் போட்ட கூச்சலில் ரோட்டோரம் ஆடு மேய்த்தவர்களும் டீக்கடைக்காரர்களும் என்ன ஊர்வலம் என்று எட்டிப் பார்த்தார்கள். தொண்டை கட்டுகிற வரைக்கும் எல்லோருக்கும் நானே பதில் சொல்லிக்கொண்டு வந்தேன்: “எங்க பட்டறைங்க! எங்க பசங்க!”